நாலாவது டப்பா

என் வீட்டுக்காரருக்கு மூக்கு செத்துப்போய் வருஷம் ஒன்றுக்கு மேலாகிறது. மல்லிகைப் பூவும் ஒன்றுதான், மாட்டுச் சாணமும் ஒன்றுதான். ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த மனிதர் அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கட்டின பெண்டாட்டி என்னிடமும் சொல்லவில்லை.

வேறு தொழில் என்றால் போகிறது என்று விடலாம். இவர் கோவில்பட்டியில் பெயிண்ட் தயாரிக்கிறவர். பசுவந்தனை ரோட்டில் எங்கள் பட்டறை. கடற்கரை என்று இவர் பேரைச் சொன்னால் ஊரில் தங்கள் மூக்கைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். பெயிண்டில் கலக்கிற தின்னர் பீப்பாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்து, "மண்ணெண்ணெய் கலந்துருக்கு, எடுத்துட்டுப் போ" என்று லாரியையே திருப்பி அனுப்பிய ஆள். எட்டயபுரத்திலிருந்து நெய்யைக் கொண்டுவந்து காட்டுவார்கள். இடைசெவல்காரர்கள் கல்யாணத்துக்கு வாங்கிய நல்லெண்ணெயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடற்கரை அண்ணாச்சி சரி என்றால் சரி. அந்தப் பேர்தான் எங்கள் பட்டறைக்கு முதல். அது போனால் இந்த மனிதரும் இல்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் பால் அடிப்பிடித்துத் தெருவே நாறுகிறது. பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் வாசல்வரை வந்துவிட்டாள். இவரோ அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, பால் கருகுதது தெரியலையா?" என்றேன்.

"தெரியுது, தெரியுது. நீ வந்து அணைப்பேன்னு இருந்தேன்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசணித் தோட்டத்தையே மறைக்கப் பார்த்தவர் இவர் ஒருத்தர்தான்.

மறுநாள் அடுப்பே பற்றவைக்காமல், "ஏங்க, கீரை தீயுதோ?" என்று கேட்டேன். மூக்கைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, "ஆமா உமா, லேசாத் தீயுது. கொஞ்சம் தண்ணி தெளி" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் எகிறுவார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. சண்டை எட்டூருக்குக் கேட்கும். அவராகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவரைக்கும் அவர் பேரைக் காப்பாற்ற ஒரு வழி செய்தேன். யாராவது பட்டறைக்கு எதையாவது கொண்டுவந்தால், நான் முந்திக்கொண்டு எட்டி மோந்துவிடுவேன். "நெய் நல்லாத்தான் மணக்கு" என்பேன், பேச்சுவாக்கில். பிறகு இவர் ஒரு இழுப்பு இழுத்து, "நல்ல நெய்தான்" என்பார். "தின்னர்ல மண்ணெண்ணெய் வாடை அடிக்கே" என்பேன். "கலப்படம், எடுத்துட்டுப் போ" என்பார். சொல்லிவிட்டு மீசையை வேறு தடவிக்கொள்வார். ஆம்பளைகளுக்குத் தங்கள் கெட்டிக்காரத்தனத்தின் மேல் இருக்கிற நம்பிக்கையைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

வண்டி இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தங்கசாமி அண்ணாச்சி வந்தார். இவருடைய அக்கா வேலுத்தாயைக் கட்டியவர், கடலைமிட்டாய் வியாபாரி. அவர் மிட்டாயை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. கூடவே ஒரு கண்டிஷனும் போட்டிருந்தது. மிட்டாய் அடுக்கும் அறையில் இரும்பு ராக்கெல்லாம் துருப்பிடித்திருக்கிறது, பெயிண்ட் அடிக்க வேண்டும். அடித்த பிறகு அந்த அறையின் காற்றைச் சோதித்து, பெயிண்ட் ஆவி இல்லை என்று காட்ட வேண்டும். அப்போதுதான் சரக்கெடுப்பார்களாம்.

"காத்தை எப்படிலே சோதிக்கது? பையில புடிச்சா கொண்டுபோவாவ?" என்று கத்தினார் அண்ணாச்சி.

"மதுரையிலேருந்து ஆள் வரும் அத்தான். சின்னப் பம்பு வச்சுக் கண்ணாடிக் குழாய்க்குள்ள இழுப்பாவ" என்றார் இவர். "பெயிண்ட் காயும்போது அதுல கலந்த தின்னர்தான் ஆவியாக் காத்துல போகுது. அந்தத் தின்னரைப் பார்த்து எடுத்தாப் போதும்."

"அப்ப பார்த்து எடு. மூக்குள்ளவன் நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை?"

நான் காபி டம்ளரை மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

இதில் அண்ணாச்சிக்கு அந்தச் சோதனைக் காகிதத்தை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கடலை எண்ணெய்ச் சத்துள்ள பொருள். பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சரியில்லாத தின்னரில் பெயிண்ட் அடித்துவிட்டால் மிட்டாய் கடல் தாண்டிப் போய்ப் பெயிண்டாக மணக்கும். அப்புறம் தங்கசாமி என்ற பேரை அந்தப் பக்கம் எவனும் சீண்டமாட்டான்.

வியாபாரி மூன்று தின்னர் கொடுத்துவிட்டிருந்தான். மூன்றும் பெட்ரோலியத்தில் வடித்ததுதான். ஒன்றாவது டர்பன்டைன் என்ற பேரில் நாம் எப்போதும் போடுகிறது, மூக்கைத் துளைக்கும். மற்ற இரண்டும் அந்தக் கார வாடைச் சரக்கைப் பிரித்தெடுத்துவிட்டு வருபவை. இரண்டாவது லேசானது, சீக்கிரம் பறக்கும், கொஞ்சம் வாடை உண்டு. மூன்றாவது கனமானது, வாடையே இல்லை என்று சொல்லலாம். மூன்றிலும் தனித்தனியாகப் பெயிண்ட் கலக்கி, தகரத் தகட்டில் அடித்துக் காயவைத்து, தகட்டுக்கொரு டப்பாவில் கடலைமிட்டாயோடு மூடி வைத்தாயிற்று. இரண்டு நாள் கழித்துத் திறந்து, மிட்டாயைக் கடித்துப் பார்த்தால் எந்தத் தின்னர் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கடித்துச் சொல்ல வேண்டியவர் யார்? வேறு யார், இந்த மகராசன்தான்.

அன்றைக்குக் காலையில் மிட்டாய் கம்பெனிக்கு இவரோடு நானும் தொற்றிக்கொண்டு போனேன். டப்பாவைத் திறந்ததும் முந்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிடலாம் என்பது என் திட்டம். அண்ணாச்சி அதில் மண்ணைப் போட்டார்.

"உமா, நீ அங்கன வாசல்ல நில்லும்மா. கூட்டம் போட்டா வாடை கலந்துரும்."

தலையில் பூ வேறு வைத்திருந்தேன். என்ன சொல்ல முடியும்? போய் வாசலில் நின்றேன்.

மேசையில் நாலு டப்பா இருந்தன. மூன்று தின்னருக்கு நாலு டப்பா ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இவருக்கும் தோன்றவில்லை. அவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் கையை விரித்தேன். வேலுத்தாய் மதினி முதல் மூடியைத் திறந்தார்.

இவர் மிட்டாயைக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். "லேசா இருக்கு" என்றார். இரண்டாவது, "பரவால்ல." மூன்றாவது, "கொஞ்சம் தூக்கலு." நாலாவதைக் கடித்ததும் முகத்தைச் சுளித்தார் பாருங்கள், கோவில்பட்டிக்கு ஒரு நல்ல நடிகர் நஷ்டம். "தூ! இதுதான் மோசம் அத்தான். வாயில வைக்க முடியல."

மதினி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மதினியைப் பார்த்தார்.

"ஏலே, நாலாவதுல பெயிண்டே கிடையாது" என்றார் அண்ணாச்சி மெல்ல. "காத்தைச் சோதிக்க வரப்போற மதுரைப் பிள்ளை போன்ல சொல்லிச்சு, ஒத்துப்பார்க்க ஒரு டப்பாவுல வெறுந்தகடு வைங்கன்னு. அதுல கிடக்கது வெறுந்தகரமும் என் மிட்டாயுந்தான்."

 சரி, மாட்டிக்கொண்டார், இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னாரா?

"அப்ப கடலையிலதான் கோளாறு. எண்ணெய் கெட்டுக் காறல் அடிக்கு" என்றார்.

அடப்பாவி மனுஷா!

அண்ணாச்சி சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. முகம் செத்துப்போய்விட்டது. மிட்டாயை எடுத்து ஒரு ஓரம் கடித்தார், மென்றார், நின்றார். "ஆமா. அடித்தொண்டையில லேசாக் காறத்தான் செய்யுது" என்றார். மதினியும் ஒரு துண்டு போட்டுக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார். கடற்கரை சொன்ன பிறகு இல்லாத காறல்கூட வந்துதானே தீர வேண்டும்? நான் வாசலிலிருந்து ஓடிவந்து ஒரு துண்டை வாயில் போட்டேன். வெல்லமும் ஏலமும் சுக்கும் கமகமவென்று மணந்தன. அப்படி ஒரு மிட்டாயை அதற்கு முன் நான் தின்றதில்லை.

அதற்குள் அண்ணாச்சி பாகு காய்ச்சும் இடத்துக்கே போய்விட்டார். "பாகை நிறுத்துங்க! இந்தக் கடலையைத் தொடாதீங்க! நேத்துப் போட்டதும் இந்தக் கடலைதான். அம்புட்டையும் எடுத்து வெளியில கொட்டுங்க!"

வேலை பார்த்த பெண்கள் திகைத்துப்போய் நின்றார்கள். அவர்களில் ரெங்கம்மாள் ஆடு வைத்திருக்கிற வீட்டுக்காரி. "கொட்டுததுன்னா எங்க ஆட்டுக்குத் தாங்க அண்ணாச்சி, புண்ணியமாப் போகும்" என்றாள்.  அண்ணாச்சி மூட்டையில் கைவிட்டுக் கடலையை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.  விவசாயி வீடுவீடாகப் போய், மானாவாரிக் கடலையாகப் பார்த்துப் பொறுக்கி வாங்குகிற மனிதர் அவர்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்த இடத்தில் நானே போட்டு உடைத்திருப்பேன், வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

"அத்தான்" என்றார். சத்தமே வரவில்லை. அண்ணாச்சி திரும்பவில்லை.

"அத்தான்!" இந்தத் தடவை அடுப்பு வேலைக்காரப் பெண்கள் எல்லாருமே திரும்பினார்கள். "கடலையில ஒண்ணும் இல்ல. மிட்டாயிலயும் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் வாசம் தெரியாது. மூக்கு செத்துப்போச்சு."

"வெளையாடாதலே."

"காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுல போனது. இன்னும் வரல. நாலு டப்பாவும் எனக்கு ஒண்ணுதான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

 மதினி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். அண்ணாச்சி கையிலிருந்த கடலையை மூட்டையில் போட்டார். ஏதோ பெரிதாகத் திட்டப்போகிறார் என்று பார்த்தால், வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

"அப்ப தீவாளிக்கு முன்னால, வெல்லம் புளிச்சுருக்குன்னு நீ சொல்லி, ஒரு லோடைத் திருப்பி அனுப்பினேனே?"

"அது நான் சொல்லல. உமா சொன்னது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவதான் மொதல்ல மோந்து பார்த்து, பேச்சோட பேச்சாச் சொல்லுவா. நான் அதையே திருப்பிச் சொல்லுவேன். ஒரு வருஷமா என் பேரைக் காப்பாத்துனது அவ மூக்குதான். இன்னிக்கு நீங்க அவளைக் கொண்டுபோய் வாசல்ல நிப்பாட்டிட்டீங்க."

எனக்கு வந்ததே கோபம்! "தெரிஞ்சேதான் இருந்தீங்களா? நான் உங்களை ஏமாத்துதேன்னு நினைச்சு ஒரு வருஷமா நெருப்பு மேல நிக்கேன். ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீயாக் கேப்பேன்னு இருந்தேன்."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்!"

"நல்ல குடும்பம்டி இது!" என்று மதினி சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து, அத்தனை பேர் முன்னால் தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "ஏலே, அக்காட்டயாவது சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்கும்போது அவர் குரல் உடைந்துபோனது. ரெங்கம்மாள் ஒருத்திக்குத்தான் வருத்தம். ஆட்டுக்கு மிட்டாய் இல்லை என்று ஆகிவிட்டது.

பாகு திரும்ப அடுப்பேறியது. மூக்குள்ள நாங்கள் மூன்று பேரும் டப்பாக்களைச் சுற்றி உட்கார்ந்து மோந்தோம், கடித்தோம். ஒன்றாவது டப்பா மிட்டாயைத் தின்னவே முடியவில்லை. இரண்டாவதில் இத்துனூண்டு வாடை. மூன்றாவதில் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றே மூக்கு, மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு.

"மூணாவதுதான். அதையே அடி மாப்ளே" என்றார் அண்ணாச்சி.

அத்தோடு விட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். இவர்தான் தலையை ஆட்டினார். "ரெண்டாவதை அடிப்போம் அத்தான்."

"மூக்கில்லாதவன் நீ எதை வச்சுலே சொல்லுத?"

எல்லாரையும் பட்டறைக்கு அழைத்து வந்தார். பின் அறையில், பழைய சாக்கை விலக்கினால் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற சின்னத் தராசு ஒன்று இருக்கிறது. இதை எப்போது வாங்கினார், எனக்கே தெரியாது. வீட்டில் ஒரு கிராம் தங்கம் வாங்க வழியில்லை, தராசு இருக்கிறது! பக்கத்தில் பெயிண்ட் அடித்த மூன்று தகடு. டப்பாவுக்குள் போனவற்றின் கூடப்பிறந்தவை.

"வாசம் போன பிறகு இதுதான் எனக்கு மூக்கு" என்றார். "பெயிண்ட்லேருந்து தின்னர் பறக்கப் பறக்க தகட்டோட எடை குறையும். எடை குறையது நின்னுட்டா, உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். ரெண்டாவது நேத்தே நின்னுட்டு. டப்பாவுல மூடி வச்சதாலதான் அந்த இத்துனூண்டு வாடை, காத்தோட்டமாக் காயவிட்டா அதும் போயிரும். மூணாவதைப் பாருங்க, இன்னைக்கும் குறைஞ்சுருக்கு. வாடை இல்லையே தவிர அது இன்னும் காத்துல போய்க்கிட்டேதான் இருக்கு. மனுஷ மூக்குக்குத் தெரியாது. மதுரைக் குழாய்க்குத் தெரியும்."

"ஒண்ணாவது?"

"அதும் சீக்கிரம் பறந்துரும். ஆனா பறக்கதுக்குள்ள கடலையில ஏறிரும். நீங்கதான் கடிச்சுப் பார்த்தீங்கள்லா."

அண்ணாச்சி தராசைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார்.  மூக்கை நம்பினவர்களுக்கு மூக்கில்லாதவன் தராசை நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? இதுவும் தப்பாகப் போனால் இந்த மனிதரால் அப்புறம் பட்டறையில் உட்கார முடியாது. உட்காரவும் மாட்டார், எனக்குத் தெரியும்.

"வாசம் தெரியும்னு ஒரு வருஷமா எங்கள்ட்டப் பொய் சொன்ன பய" என்றார் அண்ணாச்சி கடைசியில். "இன்னிக்குத் தெரியாதுன்னு உண்மையைச் சொல்லிட்ட. சரி, ரெண்டாவதையே அடி. கவுந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே கவுருவோம்."

இரண்டாவதையே அடித்தோம். ஜன்னலைத் திறந்துபோட்டு, காற்றாடியை ஓடவிட்டு, நன்றாகக் காயவிட்டோம். காற்றைச் சோதிக்க மதுரையிலிருந்து சுகுணா வந்தாள். கண்ணாடி போட்ட சின்னப் பெண். அவள் அறைக்குள் கால் வைக்கிற நேரத்தில், காற்று நல்லபடியாக இருக்கட்டுமே என்று மதினி தூபக்காலில் சாம்பிராணியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஐயோ அக்கா! அதுவும் குழாய்க்குள்ள வந்துரும்!" என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் மதினி தூபக்காலோடு ரோட்டுக்கே போய்விட்டார். கதவை அடைத்து, பம்பை ஓடவிட்டு, விரல் நீளக் குழாயில் காற்றைப் பிடித்துக்கொண்டு சுகுணா போனாள்.

முடிவு வருகிறவரை இவர் சரியாகச் சாப்பிடவில்லை. "மூக்கும் போய், தராசும் போயிட்டா என்னட்டி செய்ய?" என்று ஒரு நாள் கேட்டார். "எனக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு வீட்டுல இருங்க. கீரை தீய்ஞ்சா நான் சொல்லுதேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. 

மறுநாள் மத்தியானம் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அண்ணாச்சி பேசினால் போனே தேவையில்லை, மிட்டாய் கம்பெனியிலிருந்து நேராகவே கேட்கும். "மாப்ளே! தேறிட்டு! அவிய சொன்ன அளவுல பாதிகூட இல்லையாம்! அந்தப் பிள்ளை கேக்கு, தின்னர் எடுத்துக் குடுத்தது யாருன்னு. என் மச்சினன்னு சொன்னேன். மூக்கில்லாமலே எடுத்தான்னும் சொன்னேன்!"

இவர் போனைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  நான் ஏதாவது பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. பேசாமலே அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, பெயிண்டர் சுடலைக்குமார் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்து நேராக இவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "அண்ணாச்சி, இந்த வார்னிஷ் நல்லதா, கெட்டுப்போச்சான்னு மோந்து சொல்லுங்க."

இவர் என் பக்கம் திரும்பவில்லை. மீசையைத் தடவவில்லை. "எனக்கு வாசம் தெரியாதுலே சுடலை. காய்ச்சல்ல போயிட்டு" என்றார், மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி. "உமா அக்காட்டக் குடு. அவ சரியாச் சொல்லுவா."

 சுடலைக்குமார் டின்னை என்னிடம் நீட்டினான். நான் வாங்கி, மூக்கை உள்ளேயே விட்டு இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். அழுத அழுகையில் மூக்கு ரெண்டும் அடைத்துப்போயிருந்தது.

"என்னட்டி, சொல்லு. பையன் நிக்கான்லா" என்றார் இவர்.

"எனக்கும் ஒரு வாடையும் தெரியல" என்றேன்.

சுடலைக்குமார் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, வீட்டுக்கு ஒரு மூக்காவது வேண்டாமா?" என்று கேட்டான். அதற்குத்தான் இவர் சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.